கடலை விடாமல் குடியை விடுவது எப்படி? வெளிநோயாளர் சிகிச்சை பற்றி நாம் அறிந்திருக்க வேண்டியவை

மடுத் திருத்தலத்தின் ஆவணித் திருவிழா முடிந்து மக்கள் வீடு திரும்புகின்ற நாட்களில், மன்னார்க் கரையோரக் கிராமங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். இன்னார் குடியை விட்டுவிட்டாராம், மாதாவுக்கு நேர்ந்து வந்திருக்கின்றாராம் என்பதே அது. சிலர் அந்த நேர்த்தியை ஆயுள் முழுவதும் காத்து வருகின்றனர். அவர்களை நாம் தலைவணங்கிப் போற்றுகின்றோம். ஆயினும் வேறு பலரது வைராக்கியம் சில வாரங்களிலேயே தளர்ந்து விடுகின்றது. அதன் பின்னர் வீட்டில் எழுவது கோபமும் கண்ணீரும் மட்டுமல்ல, இனி இந்த மனிதரைத் திருத்தவே முடியாது என்ற முடிவும் ஆகும்.

தாழ்வுபாட்டில் ஆயினும் பேசாலையில் ஆயினும், குடிக்கோ போதைப்பொருளுக்கோ அடிமையான ஒருவருக்கு இரண்டே வழிகள் உள்ளன என்றே பெரும்பாலானோர் எண்ணுகின்றனர். ஒன்று, நேர்ந்துகொண்டு ஒரே நாளில் நிறுத்துவது. மற்றையது, ஊரை விட்டுத் தொலைவில் உள்ள ஒரு நிலையத்தில் மாதக் கணக்கில் அடைபட்டிருப்பது. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. வீட்டில் இருந்தவாறே, தொழிலுக்குச் சென்றவாறே, குறித்த நாட்களில் கிளினிக்குக்குச் சென்று பெறுகின்ற வெளிநோயாளர் சிகிச்சையே அது. உலகின் பல நாடுகளில் போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலானோர் இவ்வழியிலேயே சிகிச்சை பெறுகின்றனர். இங்கே அது போதியளவு அறியப்படாதிருப்பது வருந்தத்தக்கது.

மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் அமைந்த தாழ்வுபாடு போன்ற ஒரு மீனவக் கிராமத்திற்கு இவ்வழி ஏன் முக்கியமானது என்பதை விளக்கத் தேவையில்லை. படகில் தொழிலுக்குச் செல்பவர் மூன்று மாதங்கள் கரையில் இல்லாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சம்மாட்டியிடம் வாங்கிய முற்பணம் கடனாக நிற்கும். திரும்பி வரும்போது அவருடைய இடத்தில் வேறொருவர் இருப்பார். இந்த அச்சத்தினாலேயே பலர் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டவுடன் பின்வாங்குகின்றனர். தொழிலை இழக்காமல் சிகிச்சை பெற முடியும் என்பதை அறிந்தால் அவர்களில் ஒரு பகுதியினராவது முன்வருவர் என நாம் நம்புகின்றோம்.

முதலில், எங்கே செல்வது என்பதைப் பார்ப்போம். 2005ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட இலங்கையின் உளநலக் கொள்கை, உளநலச் சேவைகள் அங்கொடையிலும் முல்லேரியாவிலும் குவிந்திருந்த நிலையை மாற்றி, அவற்றை மாவட்டங்களுக்குக் கொண்டு செல்வதை நோக்கமாகக் கொண்டிருந்தது. இதன் பயனாக இன்று மாவட்ட மட்ட அரச வைத்தியசாலைகளில் உளநலச் சேவை கிடைக்கின்றது. தாழ்வுபாட்டு மக்களுக்கு மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை சில கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. வெளிநோயாளர் பிரிவில் உள்ள வைத்தியரிடம் 'குடியை விட உதவி வேண்டும்' என்று சொன்னால் போதும், உரிய பிரிவுக்கு அவர் அனுப்பி வைப்பார். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. நேரில் செல்லத் தயங்குவோர் தேசிய உளநல உதவி இலக்கமான 1926ஐயோ, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927ஐயோ அழைத்து வழி கேட்கலாம்.

ஐஸ், ஹெரோயின், கஞ்சா போன்றவற்றைப் பாவிப்போர் வைத்தியசாலைக்குச் செல்ல அஞ்சுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. வைத்தியரிடம் சொன்னால் அது பொலிஸாருக்குப் போய்விடும் என்றும், நேரே கந்தக்காட்டுக்கு அனுப்பி விடுவார்கள் என்றும் நினைக்கின்றனர். போதைக்கு அடிமையானோரைக் கட்டாயச் சிகிச்சைக்கு உட்படுத்த 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது என்பது உண்மையே. ஆனால் அது நீதிமன்றத்தின் வழியே செல்கின்ற வேறொரு பாதை. தானாக முன்வந்து வைத்தியரிடம் சொல்பவை நோயாளியின் இரகசியமாகவே பேணப்பட வேண்டியவை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதல் நாளில் என்ன நடக்கும்? பலர் எதிர்பார்ப்பது ஒரு பிரசங்கத்தை. உண்மையில் நடப்பது கேள்விகளே. எதைக் குடிக்கின்றீர்கள், கள்ளா, சாராயமா, கசிப்பா? கிழமையில் எத்தனை நாள்? ஒரு நாளில் எவ்வளவு? காலையில் எழுந்தவுடன் கை நடுங்குகின்றதா? முன்னர் நிறுத்த முயன்றபோது என்ன நடந்தது? வலிப்பு வந்ததுண்டா? உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விகள் கொண்ட பரிசோதனைத் தாள் ஒன்றும் உண்டு. அதன் உயர்ந்தபட்சப் புள்ளி 40. எட்டும் அதற்கு மேலும் எடுப்பவரின் குடி அவருக்குத் தீங்கு தரக் கூடியதாகவும், இருபதும் அதற்கு மேலும் எடுப்பவர் அடிமை நிலையை அடைந்திருக்கக் கூடியவராகவும் கருதப்படுகின்றனர். ஈரல், இரத்த அழுத்தம், சீனி, நித்திரை, மனச்சோர்வு என்பனவும் ஆராயப்படும். இக்கேள்விகளுக்குக் குறைத்துச் சொல்வது மனித இயல்பு. ஆனால் அரைப் போத்தலைக் கால் போத்தல் என்று சொல்பவருக்குத் தேவையான அளவில் அரைவாசி மருந்தே கிடைக்கக்கூடும். அந்த அறையில் உண்மையைச் சொல்வதே சிகிச்சையின் முதற்படி.

இங்கே நாம் மிகுந்த அழுத்தத்துடன் சொல்ல விரும்புகின்ற விடயம் ஒன்று உண்டு. நீண்ட காலமாக நாள்தோறும் மிகையாகக் குடித்து வந்த ஒருவர் திடீரென நிறுத்துவது உயிராபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்து ஆறு முதல் எட்டு மணித்தியாலங்களில் நடுக்கம், வியர்வை, ஓங்காளம், பதற்றம் என்பன தொடங்குகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சலுடன் புத்தி தடுமாறி, இல்லாதவற்றைக் காண்கின்ற நிலை ஏற்படும். இதனை ஊரில் பேய் பிடித்ததாக எண்ணி நேரத்தை வீணாக்குவோரும் உண்டு. உடனடியாக வைத்தியசாலையில் சேர்க்க வேண்டிய அவசர நிலை இது. இன்று நேர்ந்துகொண்டு நாளை இரவு கடலுக்குச் செல்கின்ற ஒருவருக்கு வலிப்பு வந்தால் அது எங்கே வரும் என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். ஆகவே நேர்ந்துகொள்பவர் நிறுத்துவதற்கு முன்னரே வைத்தியரைக் காண வேண்டும். ஏற்கனவே நிறுத்தி விட்டாராயின் அந்த முதற் சில நாட்கள் கடலுக்குச் செல்லாதிருக்க வேண்டும்.

எல்லோரும் வீட்டிலிருந்தவாறே நிறுத்த முடியாது. முன்னர் வலிப்பு வந்தவர்கள், புத்தி தடுமாறியவர்கள், கடும் ஈரல் நோயோ இருதய நோயோ உள்ளவர்கள், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர்கள், வீட்டில் கவனிக்க எவரும் இல்லாதவர்கள் ஆகியோரை முதலில் சில நாட்கள் விடுதியில் அனுமதிப்பதே பாதுகாப்பானது. மற்றவர்களுக்கு, அமைதிப்படுத்தும் மருந்து ஒன்று குறைந்து செல்லும் அளவில் ஏறத்தாழ ஒரு வாரத்திற்கு வழங்கப்படும். அத்துடன் தயமின் எனப்படும் விட்டமின் பி1 கொடுக்கப்படும். குடியினால் இந்த விட்டமின் குறையும்போது ஞாபகசக்தி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்பதால், அது வெறும் சத்து மாத்திரை என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. அமைதிப்படுத்தும் மருந்தைக் குடியுடன் சேர்த்து எடுப்பது மூச்சையே நிறுத்தக் கூடியது. மருந்தை வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்திருப்பது இதனாலேயே.

இந்த முதல் வாரம் கடந்ததும் 'சுகமாகி விட்டது' என்று பலர் கிளினிக்கை மறந்து விடுகின்றனர். தவறு நிகழ்வது இங்கேதான். உடலிலிருந்து குடி வெளியேறுவது சிகிச்சையின் வாசற்படி மாத்திரமே. அதன் பின்னர் வருகின்ற மாதங்களே சிகிச்சை. அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் பாவனை ஆய்வு நிறுவகம், மூன்று மாதங்களுக்குக் குறைவான சிகிச்சை பெரும்பாலும் போதிய பயன் தருவதில்லை என்று கூறுகின்றது. முதல் மாதத்தில் கிழமைக்கு ஒரு தடவை, பின்னர் இரு கிழமைக்கு ஒரு தடவை, அதன் பின் மாதம் ஒரு தடவை என்றவாறு ஓராண்டு வரையாவது தொடர்பு இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமானது.

இக்காலத்தில் குடிக்கும் வேட்கையைத் தணிக்கின்ற நல்ட்ரெக்சோன், அகாம்புரோசேட் போன்ற மருந்துகளை வைத்தியர் பரிசீலிக்கலாம். இவ்விரண்டும் 2023ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. டைசல்பிராம் என்பது வேறு வகை. அதை எடுத்திருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, கடும் வாந்தி ஏற்படும். சிலருக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். மருந்தை நிறுத்திய பின்னரும் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் அதன் விளைவு நீடிக்கும். 'குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரம் செய்யப்படுகின்ற தூள்களைப் பற்றி எச்சரிக்கை தேவைப்படுவதும் இதனாலேயே. அவற்றில் என்ன கலந்துள்ளது என்பதை வாங்குபவர் அறியார். கணவரின் நன்மைக்காகவே ஒரு மனைவி அதைச் செய்யலாம். ஆனால் அறியாமல் உண்டவர் அன்று மாலையும் குடிப்பார் என்பதை மறக்கலாகாது.

ஹெரோயினுக்கு அடிமையானவர் நிறுத்தும்போது உடல் வலி, வயிற்றோட்டம், நித்திரையின்மை என்பன எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சமடைந்து, ஒரு வாரம் பத்து நாட்களில் தணிகின்றன. அவருக்குப் பெரும் ஆபத்து அதன் பின்னரே காத்திருக்கின்றது. சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்காது. பழைய அளவையே மீண்டும் எடுத்து மூச்சு நின்று இறப்பவர்கள் உலகெங்கும் உள்ளனர். ஐஸ் போதைக்கு இதுவரை உறுதிப்படுத்தப்பட்ட தனி மருந்து எதுவும் இல்லை. அங்கே உளவளத்துணையும் ஒழுங்கான கண்காணிப்புமே முதன்மையான சிகிச்சை. இதை அறியாதவர்கள் 'ஊசி ஒன்று போட்டு விடுங்கள்' என்று வைத்தியரைக் கேட்டு ஏமாற்றமடைகின்றனர்.

உளவளத்துணை என்றால் புத்திமதி என்று பலர் பொருள் கொள்கின்றனர். அது உண்மையில் ஒரு கணக்குப் பார்த்தல். எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடன் இருக்கும்போது குடிக்கின்றீர்கள் என்பதை நோயாளியே கண்டறியுமாறு அது செய்கின்றது. இரவு முழுவதும் நனைந்து விடியற்காலையில் கரை சேரும்போது உடல் குளிர்ந்திருக்கின்றதா? மீனை நிறுத்துப் பங்கு பிரித்துக் காசு கையில் வந்த அந்த அரை மணித்தியாலமா? பாடு இல்லாமல் வெறும் வலையுடன் வந்த நாளா? காற்றுக் கடுமையால் தொழிலின்றி வாடியில் கிடக்கின்ற காலமா? ஆபத்தான நேரம் எது என்று தெரிந்தால் அந்த நேரத்திற்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்யலாம். பங்குக் காசை மனைவியின் கையில் கொடுக்குமாறு சம்மாட்டியிடம் தாமே சொல்லி வைப்பது அத்தகைய ஓர் ஏற்பாடு. கரை சேர்ந்தவுடன் சூடான தேநீருடன் மகன் வந்து நிற்பதும் ஓர் ஏற்பாடே. சிறியவையாகத் தோன்றினும் ஒரு நாளைக் காப்பாற்றுபவை இவையே.

இவ்வாறான எளிய உரையாடல் பயன் தருமா என்ற ஐயம் எழலாம். நமது கரையைப் போன்றே கடலை நம்பி வாழ்வோர் பலரைக் கொண்ட கோவா மாநிலத்தில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2017ஆம் ஆண்டில் வெளியாகின. தீங்கு தரும் அளவில் குடித்து வந்த 377 ஆண்கள் அதில் பங்கேற்றனர். உளநலத் துறையில் பட்டம் எதுவும் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண மனிதர்கள் நான்கு அமர்வுகள் வரை அவர்களில் ஒரு பகுதியினருடன் உரையாடினர். மூன்று மாதங்களின் பின்னர், உரையாடல் பெற்றவர்களில் 36 வீதமானோரும் ஏனையோரில் 26 வீதமானோரும் அபாய நிலையிலிருந்து மீண்டிருந்தனர். முந்தைய இரு வாரங்களில் ஒரு துளியும் தொடாதவர்கள் முறையே 42 வீதமும் 18 வீதமும் ஆவர். கடும் அடிமை நிலையில் இருந்தவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. ஆகவே குடி முற்றுவதற்கு முன்னர் வருபவருக்குச் சில உரையாடல்களே பெரும் துணையாகலாம் என்பதும், அவ்வாறு வந்தவர்களிலும் எல்லோரும் உடனே மீள்வதில்லை என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன.

மீள்வதில்லை என்ற சொல்லையும் நாம் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 வீதமானோர் ஒரு கட்டத்தில் மீண்டும் வழுக்கி விழுகின்றனர் என்று மதிப்பிடப்படுகின்றது. உயர் இரத்த அழுத்தம், ஆஸ்துமா ஆகிய நோய்களிலும் நோய் மீளத் தலைதூக்கும் வீதம் இதற்குக் குறைந்ததன்று. மருந்தை விட்டதனால் இரத்த அழுத்தம் கூடிய ஒருவரை எவரும் 'உனக்கு வைராக்கியம் இல்லை' என்று திட்டுவதில்லை. மீண்டும் கிளினிக்குக்குப் போ என்றே சொல்கின்றோம். குடித்து விட்டவருக்கும் அதே சொல்லே பொருந்தும். நேர்த்தியை முறித்து விட்டோம் என்ற குற்ற உணர்வினால் கோயிலுக்கும் போகாமல், வைத்தியரிடமும் போகாமல், மேலும் குடிப்பவர்களே அதிகம். ஒரு நாள் தவறியவர் மறுநாளே திரும்பி வரலாம் என்பதை முதல் நாளிலேயே அவருக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

வீட்டிலுள்ள பெண்களின் நிலையைச் சொல்லாமல் இக்கட்டுரை நிறைவுபெறாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தமது கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பின்னர், 1980இல் அவரது பெயராலேயே சிகிச்சை நிறுவனம் ஒன்றை நிறுவினார். குடிப்பவருடன் சேர்த்து அவரது குடும்பத்திற்கும் ஆலோசனை வழங்குவது அந்த நிறுவனத்தின் வழக்கம். அது பின்னர் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடிக் கிராமத்தில், ஊர் மக்களின் துணையுடன் சிகிச்சை முகாம்களையும் நடத்தியது. கணவரின் குடிக்கு மனைவி காரணமல்லள். அதை நிறுத்துவதும் அவள் ஒருத்தியின் பொறுப்பல்ல. கிளினிக்குக்கு உடன் செல்வது, மருந்தை நினைவூட்டுவது, குடிக்காத நாளைக் கண்டு ஒரு நல்ல வார்த்தை சொல்வது என்பன அவளால் இயன்றவை. அடி வாங்கிக்கொண்டு பொறுத்திருப்பது சிகிச்சையின் பகுதியன்று. வீட்டில் வன்முறை இருப்பின் அதை வைத்தியரிடமோ உளவளத்துணையாளரிடமோ சொல்லத் தயங்கக் கூடாது. கணவர் வர மறுத்தாலும் மனைவி தனியே சென்று ஆலோசனை பெறலாம்.

2009 வரை நீடித்த போரின் இடப்பெயர்வுகளும் இழப்புகளும் இக்கரையோர மக்களின் நித்திரையை இன்னமும் குலைத்துக்கொண்டிருக்கின்றன. நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களது குடியை மட்டும் கேட்டுவிட்டு, அதன் பின்னாலுள்ள துயரத்தைக் கேட்காமல் விடுவது அரைச் சிகிச்சையே ஆகும். நோயாளி தாமாகவே இதையும் சொல்ல வேண்டும். வைத்தியரும் கேட்க வேண்டும்.

இறுதியாக, சம்பந்தப்பட்டோரிடம் நாம் சில வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். இரவுத் தொழில் முடித்து வருபவர் காலையில் நீண்ட வரிசையில் காத்திருக்க இயலாது. கிளினிக் நேரங்களைத் தொழில் நேரத்துடன் பொருந்துமாறு ஒழுங்கு செய்வது குறித்தும், கிராமங்களுக்கே சென்று மாதம் ஒரு முறையாவது சேவை வழங்குவது குறித்தும் சுகாதாரத் துறையினர் ஆராய வேண்டும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், சிகிச்சையின் முதல் வாரத்தில் கரையில் நிற்பவரின் இடத்தைக் காத்துக் கொடுக்கலாம். முற்பணத்திற்காக அவரை நெருக்காதிருக்கச் சம்மாட்டிமார் முன்வரலாம். பங்குத்தந்தையர், குடியை விட நேர்ந்துகொள்பவரிடம் 'வைத்தியரைக் கண்டீரா?' என்று ஒரு கேள்வி கேட்டால், அது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

அடுத்த ஆவணியிலும் மக்கள் மடுவுக்குச் செல்வர். அங்கே முழந்தாளிட்டு நேர்ந்துகொள்பவர்களின் உறுதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அந்த உறுதியே சிகிச்சையின் மூலதனம். ஊர் திரும்பியவுடன் அந்த நேர்த்தியுடன் ஒரு கிளினிக் கொப்பியும் அவர்களது கையில் இருக்கட்டும் என்பதே நமது வேண்டுகோள்.